ஸ்பீச் தெரபி என்றால் உச்சரிப்பு மட்டுமல்ல

"பள்ளிக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் எதற்கு? உச்சரிப்புதானே, டீச்சரே ஒரு வாரப் பயிற்சியில் சமாளித்துவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. நான் கடலூரில் ஸ்பீச் தெரபிஸ்ட். என்னிடம் வரும் ஒரு பையன் காக்காவை 'தாத்தா' என்பான். சரி, அது உச்சரிப்பு. இன்னொருத்தி கணீரென்று பேசுவாள். ஆனால் "பையை வைத்துவிட்டு நோட்டை எடு" என்றால் நோட்டை மட்டும் எடுப்பாள். சிக்கல் நாக்கில் இல்லை, சொல்வதைப் புரிந்துகொள்வதில். வகுப்பில் அவளுக்குக் கிடைத்த பெயரோ 'சொன்ன பேச்சு கேட்காதவள்'! இதைப் பிரித்தறியத்தான் இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து 4 வருடப் படிப்பு. அப்புறம் 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி பதிவும் வேண்டும். டீச்சர் உதவாமல் எங்கள் வேலை நடக்காது, உண்மைதான். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதையும் அவர் தலையிலேயே கட்டுவதா?