பிளிமத் கல்லை எட்டிப் பாத்துட்டு "இவ்ளோதானா"ன்னு கேக்குற மகராசன்களே

பாஸ்டன் பக்கம் குடியிருந்தா யார் வந்தாலும் பிளிமத்துக்கு கூட்டிட்டுப் போற வேலை நம்ம தலையிலதான் விழும். 1620ல மேஃபிளவர் கப்பல்ல இங்கிலாந்துல இருந்து குடியேற வந்த பில்கிரிம்ஸ் கூட்டம் கால் வெச்சதா சொல்ற கல்லு அங்கதான் இருக்கு. அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. கடலோரமா சின்னதா ஒரு பார்க், உள்ள போக காசு கிடையாது, பக்கத்துலயே அந்த மேஃபிளவர் கப்பலோட நகல், 1957ல இங்கிலாந்துல இருந்து நெசமாவே பாய் விரிச்சு ஓட்டிட்டு வந்தது. எனக்குக் கடுப்பே அங்க வர்ற கூட்டத்து மேலதான். சம்மர்ல சனி ஞாயிறுன்னா பார்க்கிங்குக்கு வாட்டர் ஸ்ட்ரீட்டையே ரவுண்டு அடிச்சு, கம்பிகிட்ட முண்டியடிச்சு, கீழ குழியில கெடக்குற கல்லை எட்டிப் பாத்து, ஒரு செல்ஃபி, உடனே "அட, இவ்ளோதானா?" அடுத்த நிமிஷம் ஐஸ்க்ரீம் கடை.

யோவ், அந்தக் கல்லை சின்னதாக்குனதே உங்கள மாதிரி வந்து போனவங்கதான்யா! ஞாபகார்த்தமா வேணும்னு ஆளாளுக்கு செதில் செதிலா பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. 1774ல ஊருக்குள்ள கொண்டு போறேன்னு மாடு கட்டி இழுத்ததுல ரெண்டா பொளந்துச்சு, 1834ல மறுபடி எடம் மாத்துறேன்னு வண்டியில இருந்து கீழ போட்டு இன்னொரு தடவை உடைச்சாங்க, 1880ல திரும்ப கடலோரத்துக்கே கொண்டு வந்து 1620ன்னு செதுக்கி சிமெண்ட்டும் பூசி வெச்சாங்க. இத்தனைக்கும் அப்புறம் மலை மாதிரி நிக்கணுமாமா?

சரி, நெசமாவே அந்தக் கல்லு மேலதான் கால் வெச்சாங்களான்னாவது யாராச்சும் கேக்குறீங்களா? கூட வந்த பிராட்ஃபோர்டு அவ்வளவு எழுதி வெச்சிருக்காரு, அந்தக் கல்லைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. 1741ல, அதாவது 121 வருஷம் கழிச்சு, அங்க படகுத்துறை கட்டப் போறாங்கன்னதும் தாமஸ் ஃபான்ஸ்ங்கிற 94 வயசு ஊர்ப் பெரியவர் வந்து எங்க அப்பா இதைத்தான் காட்டுனாருன்னு சொன்னாரு, அவ்ளோதான் ஆதாரம். அதுக்கு கோயில் மண்டபம் கணக்கா தூண் வெச்சு கூரை வேற. இதுல முதல்ல எறங்குனதே இங்க இல்ல, எதிர்க்கரையில ப்ராவின்ஸ்டவுன் பக்கம்.

எனக்கு ரத்தம் கொதிக்கிறது எதுக்குன்னா, ரோட்டைத் தாண்டி நாலு படி ஏறுனா கோல்ஸ் ஹில். சொல்ல வேண்டிய கதையெல்லாம் அங்கதான் இருக்கு, ஏற ஆள் இல்ல! கப்பல்ல வந்த 102 பேர்ல பாதிப் பேரு முதல் குளிர்காலத்துலயே செத்தாங்க, அவங்களப் புதைச்ச மேடு அது. பக்கத்துலயே அந்த மண்ணோட பழங்குடியான வாம்பனோக் மக்களோட தலைவர் மாசசாய்ட் சிலை. கப்பல்ல வந்தவங்க குடியேறுன எடமே பட்டுக்செட்ங்கிற வாம்பனோக் கிராமம்தான், 1616ல இருந்து 1619க்குள்ள கொள்ளைநோய்ல ஊரே காலி. அந்த ஊர்க்காரன் டிஸ்குவாண்டம்ன்னு ஒருத்தன், 1614ல வெள்ளைக்காரன் புடிச்சிட்டுப் போய் ஸ்பெயின்ல வித்தான், தப்பிச்சு எப்படியோ 1619ல ஊர் வந்தா சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தர் இல்ல. இந்த புதுசா வந்தவங்களுக்கு சோளம் போட சொல்லிக் குடுத்ததும் அதே ஆள்தான். அதே மாசசாய்டோட மகன் மெட்டகாம் 1676ல குடியேறுனவங்களோட நடந்த சண்டையில செத்ததும் தலையை வெட்டி இதே ஊர்ல கம்பத்துல சொருகி வருஷக்கணக்கா வெச்சிருந்தாங்க, நன்றிக்கடன்!

1970ல கப்பல் வந்த 350வது வருஷ விழாவுக்கு வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ்ங்கிற வாம்பனோக்காரரைப் பேச கூப்பிட்டுட்டு, அவரு எழுதுன பேச்சைப் பாத்ததும் இதெல்லாம் பேசக்கூடாதுன்னுட்டாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் பில்கிரிம்ஸ் பேரைச் சொல்லிக் கொண்டாடுற ஒவ்வொரு தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கும் அந்த மேட்டுல பழங்குடி மக்கள் துக்க நாள் நடத்துறாங்க. அதுக்கு ஒரு பலகை வெக்கவே 1998 ஆச்சு.

போன தடவை அந்தப் பலகை முன்னாடி நின்னு எங்க மாமாவுக்கு படிச்சு சொல்லிட்டு இருக்கேன், பின்னாடி இருந்து ஒருத்தன் சார் கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃபோட்டோல கப்பல் மறையுதுங்குறான். தள்ள மாட்டேன் போய்யான்னு அங்கயே நின்னேன், முழுசா படிச்சு முடிக்கிற வரைக்கும், சத்தமா.