தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு நடித்த தேவதாஸ்

அந்தக் கமென்டைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

ஜனவரி 22ஆம் தேதி, தெலுங்கு நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவின் நினைவு நாளன்று நான் போட்ட படத்தையும் அதற்குக் கீழே நடந்த கூத்தையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கும் போகவில்லை. அவரும் மனைவி அன்னபூர்ணாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய படம். கடைசிவரை நடித்தவர், நல்ல குடும்பஸ்தர் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். முதல் கமென்டே "நிஜத்திலும் தேவதாஸ்தான், குடிச்சே போய்ச் சேர்ந்தாரு". கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை. இன்று காலை எண்ணிப் பார்த்தேன், 47 பேர் சேர்ந்து சிரித்திருந்தார்கள்.

குடித்துச் செத்தவன் படத்தில் வந்த தேவதாஸ். அவனாக நடித்தவர் 89 வயதுவரை வாழ்ந்தார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய பெரிய சினிமா ஞானமெல்லாம் வேண்டாம்.

1953இல் தேவதாஸ் வந்தது. தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள், வேதாந்தம் ராகவய்யா இயக்கம், சாவித்திரிதான் பார்வதி. தமிழில் 'உலகே மாயம்' பாட்டைக் கண்டசாலா பாடியதைக் கேட்டுவிட்டு, திரையில் சொருகிய கண்ணோடு தள்ளாடும் அந்த மனிதரைப் பார்த்தால், இவர் நிஜமாகவே ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்று அன்றைக்கும் நம்பினார்கள். நடந்தது என்ன? படப்பிடிப்பைப் பெரும்பாலும் ராத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இவர் வயிறு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார். கண் தானாகச் சொருகியது. இந்தியாவே பார்த்து அழுத குடிபோதை, தயிர்சாதம் தந்த தூக்கக் கலக்கம்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னது அப்பா. அவரிடம் பிறகு வருகிறேன்.

எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. இதே மனிதர் 'பக்த துக்காராம்' ஆக நடித்தார், விப்ரநாராயணராக நடித்தார், 'மகாகவி காளிதாசு'வாகவும் நடித்தார். யாராவது அவரைப் பார்த்து "நிஜத்திலும் பாண்டுரங்க பக்தர்" என்றார்களா? நிஜத்தில் அவர் நாத்திகர்! பக்தராக நடித்தால் அது நடிப்பு, குடிகாரனாக நடித்தால் மட்டும் அது வாழ்க்கை. இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்கள்?

அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். கிருஷ்ணா மாவட்டத்தில் ராமாபுரம் என்ற சின்ன ஊர். ஏழை விவசாயக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. பெண்கள் மேடை ஏறாத காலம், எனவே பையனாக இருந்தபோது நாடகத்தில் பெண் வேடம் கட்டினார். விஜயவாடா ரயில் நிலையத்தில் படத் தயாரிப்பாளர் கண்டசாலா பலராமய்யா கண்ணில் பட்டு, 1944இல் 'ஸ்ரீ சீதாராம ஜனனம்' படத்தில் ராமரானார். 1949இல் கல்யாணம். 2011 டிசம்பரில் அந்த அம்மா இறக்கும்வரை 62 வருடக் குடித்தனம். ஐந்து பிள்ளைகள். ஹைதராபாத்தில் பாறையும் மேடுமாகக் கிடந்த இடத்தில் 1976இல் ஸ்டுடியோ கட்டித் திறந்தபோது அதற்கு வைத்த பெயர் அன்னபூர்ணா. தன் பெயரை வைத்திருக்கலாம். அன்றைக்கு அவர் பெயருக்கு இருந்த மதிப்புக்கு யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவது வயதில் நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்த மனிதர் அதன் பிறகு 40 வருடம் இருந்தார். குடித்தே போய்ச் சேர்கிறவர்கள் இப்படித்தான் போவார்களா?

"ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியாது. சத்தியம் செய்ய நான் யார், அவர் வீட்டு ஃபிரிட்ஜையா திறந்து பார்த்தேன்? நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அவர் குடித்துச் சாகவில்லை. 2013 அக்டோபரில் தானே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குப் புற்றுநோய் என்று தன் வாயால் சொன்னார். (1981இல் அவர் நடித்த 'பிரேமாபிஷேகம்' கதாநாயகனுக்கும் புற்றுநோய்தான். அதைத்தான் நம்மூரில் கமல் நடிக்க 'வாழ்வே மாயம்' என்று எடுத்தார்கள். 'உலகே மாயம்' பாட்டின் அடுத்த இரண்டு சொற்கள்தான் தலைப்பு. எங்கே போனாலும் அந்தப் பாட்டு அவரை விடாது போல.)

அப்புறம் 'மனம்'. மகன் நாகார்ஜுனா, பேரன் நாக சைதன்யா, தாத்தா என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து நடித்த படம். தன் குரலை வேறு யாரும் பேசிவிடக் கூடாது என்று, படுக்கையில் இருந்தபடியே டப்பிங்கை முடித்துக் கொடுத்தார். கருவிகளை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். 2014 ஜனவரி 22இல் போய்விட்டார். நாலு மாதம் கழித்து மே மாதம் படம் வந்தது. குடும்பம் வேறு, தொழில் வேறு என்று பிரிக்க முடியாதபடி வாழ்ந்த ஒருவருக்கு இதைவிட என்ன முடிவு வேண்டும்? நமக்கு அது போதாது. நமக்குப் பாட்டில் வேண்டும்.

"வாரிசு சினிமாவைப் புகழ்கிறாயா" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். ஐயா, அந்தச் சண்டை வேறு, தனியாக வைத்துக்கொள்வோம். நானும் வருகிறேன்.

"அந்தப் படம்தானே குடியைக் காதலுக்கு மருந்தாகக் காட்டியது" என்ற தம்பிக்கு: ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் அல்ல, நிறையவே. தோற்றவன் தாடி வளர்த்துக் குடிக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'பிரேம நகர்' வேறு இருக்கிறது, நம்ம 'வசந்த மாளிகை'யின் மூலம். அதிலும் குடிதான். ஆனால் தம்பி, அது படத்தைப் பற்றிய பேச்சு. நடித்தவர் எப்படிச் செத்தார் என்று பொய் சொல்ல அது காரணமாகாது.

"வசதியான ஆளுக்குக் குடும்பம் நடத்துவது பெரிய விஷயமா?" இதுதான் எனக்கு நிஜமாகவே வலித்த கேள்வி. சரி, வசதி இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அப்பா குடியாத்தத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினார். பகலில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுவார், ராத்திரி கச்சேரி. சித்தூர் பக்கம்தானே, ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அதனால் கண்டசாலா பாட்டை இரண்டு மொழியிலும் பாடத் தெரிந்தவருக்கு மரியாதை இருந்தது. திருவிழா, கல்யாண வரவேற்பு, எங்கே போனாலும் பதினொரு மணிக்கு மேல் ஒரு சீட்டு வரும்: 'உலகே மாயம்'. அப்பா அதைச் சும்மா நின்று பாட மாட்டார். தலையைக் கலைத்துக்கொண்டு, தோளில் ஒரு சால்வை, கையில் வெறும் சோடா பாட்டில், ஒரு காலை லேசாக இழுத்துத் தள்ளாடிக்கொண்டே பாடுவார். முன்வரிசையில் பெரியவர்கள் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள்.

கிளம்பும்போது அம்மா தூக்கில் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பாள். ஒருநாள் நான், "தினமும் இதேதானா அப்பா, கல்யாண வீட்டில் சாப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "நாகேஸ்வர ராவே தயிர்சாதம் சாப்பிட்டுத்தாண்டி நடிச்சாரு" என்றார். கல்யாண வீட்டில் கொடுக்கும் லட்டையும் வாழைப்பழத்தையும் தாம்பூலப் பையோடு எங்களுக்குக் கொண்டுவந்து விடுவார். விடியற்காலை பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து, அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து மண்டிக்குப் போவார். சாராயம், பிராந்தி, கள்ளு எதுவும் தொட்டதில்லை. இதற்கு நான் சத்தியம் செய்வேன். இது என் வீடு, இங்கே நான் எல்லாவற்றையும் திறந்து பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் விசாரித்திருக்கிறார்கள். "பாட்டுக்காரர் பொண்ணுதானே? பாட்டு நல்லாத்தான் பாடுவாரு, பாட்டில்தான் கையை விட்டு இறங்காது" என்று எவரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டார். கேலியாகத்தான் சொல்லியிருப்பார். நாலு பேர் சிரித்திருப்பார்கள். சம்பந்தம் போனது போனதுதான். அப்பா யாரையும் போய்க் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மாரியம்மன் திருவிழாவில் கச்சேரி. சீட்டு வந்தது. பாடினார். பாட்டில் மட்டும் எடுக்கவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பாடினார். கூட்டத்தில் ஒருவன் "பாட்டிலு எங்கண்ணே?" என்று கத்தினான். அதற்கும் சிரித்தார்கள்.

81 வயதில் போனார். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஆறு வருடம் தானே சமைத்துப் போட்டு, அவளை அனுப்பிவைத்துவிட்டுப் போனார். காரியம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அவரோடு பாடிய ஒருவரே, "குடி மட்டும் இல்லேன்னா உங்கப்பா மெட்ராஸ்ல பெரிய ஆளா வந்திருப்பாரும்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நூறு ராத்திரி அதே தூக்கிலிருந்து தயிர்சாதம் பங்கு போட்டுச் சாப்பிட்டவர் அவர்!

நேரத்துக்கு வீட்டுக்குப் போன கலைஞனுக்கு நம்மிடம் கதை இல்லை. கெட்டுப்போனவனுக்குத்தான் கதை. குடிக்காதவனாக இருந்தாலும் குடிக்கவைத்து, அப்புறம் பாவம் என்று உச்சுக் கொட்டினால்தான் நமக்குத் திருப்தி. பெண்டாட்டி பெயரைக் கட்டடத்துக்கு வைத்தவரையும் விடவில்லை, பெண்டாட்டிக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவரையும் விடவில்லை.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு நீளமா அக்கா, லைட்டா எடுத்துக்கங்க" என்று அந்தக் கமென்ட் போட்டவரே நேற்று எழுதியிருந்தார். எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், முப்பது வருடமாக. ஒரு சம்பந்தத்தை லைட்டாக எடுத்துக்கொண்டோம், ஒரு சாவையும் லைட்டாக எடுத்துக்கொண்டோம். இன்னும் எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்?

நாகேஸ்வர ராவுக்காக எழுத ஆரம்பித்து அப்பாவிடம் வந்து நிற்கிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும். அவர் பாட்டுக்கு ஹைதராபாத்தில் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போனார், என் வக்காலத்து அவருக்குத் தேவையில்லை.

அந்தக் கமென்டை நான் நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன். சிரித்த 47 பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று பேர் அப்பா காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்.