தொட்டில் குழந்தைத் திட்டம்: ஒரு திருத்தம்

"அரசுத் தொட்டிலில் பிள்ளையை விட்டாலும் தாய்க்குச் சிறைதான்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. இந்த அச்சமே பச்சிளம் சிசுவை முட்புதருக்குக் கொண்டுபோகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டத்தின் நோக்கமே, பெற்றவர் தம் பெயரைச் சொல்லாமல் குழந்தையை அரசின் பொறுப்பில் விட்டுச் செல்ல வழிசெய்வதுதான். பாதுகாப்பற்ற இடத்தில் பிள்ளையைக் கைவிட்டுப் போவதுதான் தண்டனைக்குரிய குற்றம்.

இன்னொரு வழியும் உண்டு, என் பார்வையில் அதுவே மேல்: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் (பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் குறித்து முடிவெடுக்கும் அமைப்பு) முன் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர், மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெறுவது குறித்து முடிவெடுக்க இரண்டு மாத அவகாசம் பெறுகிறார்கள். பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டவர் பிறகு தேடி வந்தால், தாம்தான் பெற்றவர் என்று முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.