வேடர்களும் விசகடியும்: ஒரு திருத்தம்

"வெருகல், மூதூர்ப் பக்கத்து வேடர்கள் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை, விசகடிக்கு வேர்ச்சாறு போதும்" என்று இலங்கையின் கிழக்கே வாழும் பழங்குடியினரான வேடர்களைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி பிழை. கடிபட்டவரை மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு ஓடுகிறவர்களில் அவர்களும் உண்டு; தூரம்தான் சிக்கல்.

இரண்டாம் பாதி ஆபத்து. பாம்பு கடித்தாலும் சிலவேளை உடலில் நஞ்சு ஏறாது. அப்படித் தப்பியவரைத்தான் வேர் காப்பாற்றியது என்கிறோம். கண்ணாடி விரியனின் நஞ்சு ஏறினால் இரத்தம் உறையாமல் போகலாம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பது, அது உறைந்ததா என்று அறியத்தான்.

சரி, ஆஸ்பத்திரியில் போடும் நஞ்சுமுறி ஊசியும் எல்லாப் பாம்புக்கும் கேட்காது. இந்தியாவிலிருந்து வரும் மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான்.