மார்த்தா போட்ட சுக்குக்காப்பி

எங்கள் வீட்டுச் செபக் கூட்டத்தில் அண்ணாச்சி என்னை மார்த்தா என்று கேலி செய்ததைப் பற்றி நேற்றிரவு நான் எழுதிய இரண்டு வரியைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் சிரித்திருக்கிறீர்கள். மீதிப் பேர் "விடும்மா, அண்ணாச்சி விளையாட்டுக்குத்தானே சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டிருப்பேன். காலையில் டம்ளர் கழுவும்போது மறுபடியும் ஞாபகம் வந்துவிட்டது.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், அங்கேயே இருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை அன்பியக் கூட்டம், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற கூட்டம், எங்கள் வீட்டில். வந்தவர்கள் 32 பேர், டம்ளரை எண்ணி வைத்ததால் சொல்கிறேன். கூடத்தில் லூக்கா 10ஆம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மார்த்தா பணிவிடையில் பரபரப்பாக இருக்க, அவள் சகோதரி மரியா இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்கிற பகுதி. மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்கிறார் இயேசு. நான் அடுக்களையில் கருப்பட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டிருக்கிறது. "உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், இந்த வீட்டிலேயே ஒரு மார்த்தா இருக்கிறார்" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதன் பிறகு காப்பி வந்தது. நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டவர்கள் ஒருவர் விடாமல் குடித்தார்கள். அண்ணாச்சிக்கு இரண்டு டம்ளர்.

அதோடு முடியவில்லை. தாய்மார்கள் நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்து இறைவார்த்தையைத் தியானித்தால் வீட்டுக் குழப்பங்கள் தானாகவே தீரும் என்று ஒரு யோசனையும் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி, எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வருவதே அந்த நேரத்தில்தான். தாமிரபரணி பக்கத்தில் ஓடினாலும் குழாய்க்கு அது தன் இஷ்டப்படிதான் வரும். குடம் நிறைக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்தால், பத்து மணிக்கு மாமியாருக்கு மாத்திரை கொடுக்கத் தண்ணீர் இருக்காது. அப்போது எந்தக் குழப்பம் தானாகத் தீரும் என்று தெரியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அடுக்களையில் நிற்கிறவள் செபத்தை விட்டுவிட்டு நிற்கிறாள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த சலுகையும் இல்லை. பிரான்சிஸ் சலேசியார் 1609ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார். ஒவ்வொருவருடைய பக்தியும் அவரவர் வாழ்க்கை நிலைக்குப் பொருந்த வேண்டும், ஆயர், அதாவது பிஷப், மடத்துத் துறவியைப்போலத் தனிமையில் இருக்கப் பார்த்தாலோ, குடும்பஸ்தர் கப்புச்சின் சபையாரைப்போல ஒன்றும் சேர்த்து வைக்காமல் இருந்தாலோ அது ஒழுங்கில்லாத பக்தி என்றார். எழுதியவர் ஓர் ஆயர். அதற்கும் முன்னால், 1440ல் இறந்த உரோமை நகர்ப் புனித பிரான்செஸ்கா ஒரு வீட்டுத்தலைவி, தாய். கணவரோ வீட்டு வேலையோ கூப்பிட்டால் பீடத்தின் முன் உள்ள கடவுளை விட்டு எழுந்துபோய் வீட்டு வேலையில் அவரைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் வாக்கு. மார்ச் 9 அவருடைய திருநாள். அன்றைக்கு நம் பக்கத்தில் யாரும் அவரைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. தாய்மார் என்றால் உடனே நீதிமொழிகள் 31தான் நமக்கு. விடியுமுன் எழுகிறவள், இரவில் விளக்கு அணையாதவள். அவள் எப்போது தூங்கினாள் என்று யாரும் கேட்பதில்லை.

"ஆனால் இயேசுவே மார்த்தாவைக் கண்டித்தாரே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கண்டித்தார், சரி. எதற்கு? பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குவதற்கு. சமைத்ததற்கு என்று அந்த வசனத்தில் எங்கேயும் இல்லை. யோவான் 11ஐத் திருப்பிப் பாருங்கள் தம்பி. இயேசு அன்பு கொண்டிருந்தவர்களைச் சொல்லும்போது மார்த்தாவின் பெயர்தான் முதலில் வருகிறது. நீரே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிடுகிறவளும் அவள்தான். 12ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து. அங்கேயும் மார்த்தா பரிமாறுகிறாள். இந்த முறை ஆண்டவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாப்பிடுகிறார். ஜூலை 29ஐ மார்த்தா, மரியா, இலாசர் மூவருக்கும் சேர்த்து நினைவுநாளாக்கியது 2021ல். அதற்கு முன்னால் அந்த நாள் மார்த்தா ஒருத்திக்குத்தான் இருந்தது.

"தெளிந்து தேர்தலுக்கு அமைதி வேண்டாமா, சத்தத்தில் கடவுளின் குரல் எப்படிக் கேட்கும்?" இது இன்னொருவர். தெளிந்து தேர்தல் என்றால் கடவுள் விரும்புவது எது என்று பார்த்து முடிவெடுப்பது. பாளையங்கோட்டையில் இயேசு சபையினர் 1923லிருந்து கல்லூரி நடத்துகிறார்கள், அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேலையை விட்டு வர முடியாதவர்கள் அன்றாட வாழ்க்கையிலேயே ஆன்மிகப் பயிற்சி செய்ய அவர் தனியாக ஒரு குறிப்பே எழுதி வைத்திருக்கிறார். படிக்கிற இளம் துறவிகள் நீண்ட தியானத்தில் உட்கார வேண்டாம், நடப்பதிலும் பேசுவதிலும் உண்பதிலும் கடவுளைத் தேடட்டும் என்றும் சொன்னார். சமைத்துப் போட ஆள் இருந்த துறவிகளுக்கே அந்தச் சலுகை. இட்லிப் பானையின் முன்னால் நிற்கிற எனக்கு மட்டும் நான்கு மணி.

நான் தெளிந்து தேரவில்லை என்றா நினைக்கிறீர்கள்? போன ஆண்டு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கக் கேட்டார்கள். ஆசையாக இருந்தது. அதே மாதம்தான் மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மனம் வறண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார் இஞ்ஞாசியார். அதனால் உடனே ஒன்றும் சொல்லாமல் மூன்று வாரம் பொறுத்தேன். இரவில் பாத்திரம் தேய்க்கும்போது அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பேன். எதை நினைத்தால் மனம் அமைதியாகிறது, எதை நினைத்தால் கூட்டத்தில் நாலு பேர் பாராட்டுவது முன்னால் வந்து நிற்கிறது என்று பார்ப்பேன். வகுப்பை நினைத்தபோதெல்லாம் பாராட்டுத்தான் வந்தது. முடியாது என்று சொன்னேன். "சேவைக்கு மனம் இல்லை" என்று யாரோ பேசியதாகக் கேள்விப்பட்டேன். மாமியாருக்குப் படுக்கைத் துணி மாற்றுவது சேவையின் கணக்கில் வராது போல.

இப்போது சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் அம்மா பீடி சுற்றினாள். ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சுளகு மடியில்தான் இருக்கும். கட்டுக்கு 25 பீடி. 1,000 சுற்றினால் 40 கட்டு. அம்மாவின் கையில் செபமாலையை நான் பார்த்ததே குறைவு. இலையும் தூளும் பட்ட கையால் மணியைத் தொட மாட்டாள். அவளுடைய கணக்கு வேறு. முதலில் மூன்று பீடி, பிறகு இரண்டு கட்டு. மொத்தம் 53, செபமாலையில் அருள் நிறைந்த மரியே செபம் வருகிற கணக்கு. ஒரு பீடிக்கு ஓர் அருள் நிறைந்த மரியே. ஒவ்வொரு பத்துக்கும் நடுவில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விண்ணகத் தந்தையே. நடுவில் நான் ஏதாவது கேட்டால் பதில் வராது, ஒரு விரல் உயரும். "இருடி, நாலு பீடி இருக்கிறது" என்று அர்த்தம். அவளை யாராவது நிறுத்தி, இன்றைக்கு எவ்வளவு நேரம் செபித்தாய் என்று கேட்டிருந்தால், நேரமே கிடைக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அவளும் அதைச் செபமாக எண்ணவில்லை. அப்படி எண்ணலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடக்கத் திருப்பலியில் "அமைதியான தாய்" என்று ஒரே ஒரு வரி. புகையிலைத் தூளில் இருமி இருமித்தான் அமைதியானாள்.

சரி, பேச்சு எங்கேயோ போய்விட்டது.

பெண்கள் கோயிலுக்கே போக வேண்டாம், சாம்பார் வைப்பதே போதும் என்று நான் சொல்வதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. ஞாயிறு பூசையை விட்டதில்லை. தனிமையில் பத்து நிமிடம் கிடைத்தால் எனக்கும் கசக்காது. அந்தப் பத்து நிமிடத்தை எனக்குத் தருவது யார் என்றுதான் கேட்கிறேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கைகூப்பி இறுதிச் செபம் சொன்னார்களே, அப்போது ஓர் ஆண்பிள்ளை எழுந்து டம்ளர்களை அடுக்கியிருந்தால் நானும் கைகூப்பி நின்றிருப்பேன். என் வீட்டுக்காரர் இரவு வந்து "தப்பாக எடுத்துக்கொண்டாயா?" என்றார். இல்லை என்றேன். அதைத்தான் நான் எப்போதும் சொல்வது. ஒரு டம்ளரை மட்டும் காணவில்லை. இன்று காலையில் காம்பவுண்டுச் சுவர் மேல் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அண்ணாச்சியிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. மதினிதான் போன் செய்தார்கள். அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார்கள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அடுத்த மாதக் கூட்டம் அவர்கள் வீட்டில். 30 பேருக்கு எவ்வளவு சுக்குத் தட்ட வேண்டும் என்று கேட்டார்கள். சொன்னேன். அன்றைக்கு ஐந்து மணிக்கே வந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.