பாரிஸை விட்டுக் காட்டோரம் போனவர்

பால்புதுமைக் (குயர், அதாவது தன்பால் ஈர்ப்பு போல வழக்கமான ஆண்-பெண் வரையறைக்குள் அடங்காத) கலைஞர்களைப் பற்றிய உங்கள் தொடர் கட்டுரையைப் படித்தேன். அப்படிப்பட்ட கலைஞர் என்றாலே கிராமத்திலிருந்து நகரத்துக்குத் தப்பியவர்தான் என்பதுபோல் போகிறது அது. பிரெஞ்சுப் பெண் ஓவியர் ரோசா பொனர் செய்தது நேர் எதிர். படம் விற்ற காசில் ஃபோந்தேன்ப்ளோ காட்டோரம் மாளிகை வாங்கி, 1860 வாக்கில் தன் வாழ்க்கைத் துணை நத்தாலி மிக்காஸோடு பாரிஸை விட்டே போய்விட்டார். அங்கே மான்களை வரைந்தார், சிங்கம்கூட வளர்த்தார்! பெண் கால்சட்டை போட போலீஸ் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியிருந்த காலம் அது. 1889இல் மிக்காஸ் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். இதையும் வெறும் நட்பு என்று மழுப்புகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 1878இல் பொனர் வரைந்த 'காட்டின் அரசன்' கலைமான் நம்மை நேருக்கு நேர் பார்த்தபடி அசையாமல் நிற்கும். எனக்கு அது அவரேதான். அடுத்த பாகத்தில் இவரைப் பற்றியும் எழுதுங்கள்.