கருப்பட்டி மிட்டாய்க்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு

அந்தக் கருப்பட்டி மிட்டாய் வீடியோவுக்குக் கீழே நான் போட்டது ஒரே ஒரு வரி. ‘பல்லைப் பொறுத்தவரை கருப்பட்டியும் சர்க்கரைதான்.’ அதற்கு மூன்று நாளாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கார்ப்பரேட் கைக்கூலி, பாரம்பரியத்தின் எதிரி, இன்னும் என்னென்னவோ. பற்பசைக் கம்பெனியில் காசு வாங்கினேனாம். வந்தால் சொல்லுங்கள், இந்த மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறது.

கருப்பட்டி கெட்டது என்று நான் எங்கே சொன்னேன்? எங்கள் வீட்டிலும் சுக்குக் காப்பிக்கு அதுதான். ஆனால் ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், பல் சொத்தையாகாது’ என்று அந்த வீடியோவில் மிட்டாய் விற்கிறவர் சிரித்துக்கொண்டே சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அதற்குப் பிடித்த தீனி சுக்ரோஸ். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதுதான். அந்தக் கிருமி அதைத் தின்றுவிட்டு அமிலம் கக்கும், பல்லோடு ஒட்டிக்கொள்ளப் பசையும் செய்துகொள்ளும். பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதை மெதுவாகச் சரிசெய்யும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். பிள்ளை மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாயங்காலம் முழுக்கச் சுற்றினால் எச்சில் பாவம் எப்போதுதான் வேலை பார்க்கும்? பனைமரத்திலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று அந்தக் கிருமி கேட்காது.

இதை நான் கூகுளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மகளுக்கு மூன்றரை வயதில் மேல்வரிசை முன்பல் நான்கும் கறுத்துவிட்டன. ராத்திரி என்ன குடிக்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். ‘பால்தான் மேடம், நாட்டுச் சர்க்கரை போட்டு, பாட்டிலில். வெள்ளைச் சர்க்கரை எங்கள் வீட்டு வாசப்படியே ஏறாது’ என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. மாமியார் ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்றார். சரி, விழும்தான். அதுவரை வலியில் ராத்திரி எழுந்து உட்கார்ந்திருந்தது யார்?

‘எங்கள் பாட்டி காலத்தில்’ என்று ஆரம்பிப்பவர்களுக்கு: என் அப்பத்தாவுக்கு ஐம்பது வயதில் பல் செட். உங்கள் பாட்டி தொண்ணூறு வயதில் கரும்பு கடித்தார் என்றால் சந்தோஷம், அவர் தலைமாட்டில் பால் பாட்டிலோடு தூங்கவில்லை. கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதாம். இருக்கட்டுமே, நான் பேசுவது பல்லை.

‘அப்போ கெமிக்கல் சுகர் ஃப்ரீ கொடுக்கச் சொல்கிறாயா?’ இந்தக் கேள்வியாவது உருப்படியானது. சுகர் ஃப்ரீ சூயிங்கத்தில் இனிப்புக்குப் போடும் சைலிட்டாலை அந்தக் கிருமி உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் அமிலமாக்க முடியாமல் தன் சக்தியைத்தான் வீணாக்கும். 1970களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் இதை வைத்துப் பெரிய ஆய்வே நடத்தினார்கள். பின்னால் பின்லாந்திலேயே நடந்த இன்னொரு ஆய்வில், பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது சைலிட்டால் சூயிங்கம் மென்ற அம்மாக்களிடமிருந்து பிள்ளைகளுக்கு அந்தக் கிருமி தொற்றுவது குறைந்ததையும் கண்டார்கள். அதற்காக அதை மந்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு இது பற்றிய ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, ஆதாரத்தின் தரம் போதாது என்றுதான் சொன்னது. அளவு மீறினால் பிள்ளைக்கு வயிற்றால் போகும், வீட்டு நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை இல்லாத புளிப்பு மிட்டாயும் டயட் சோடாவும் கிருமியின் உதவியே இல்லாமல் நேரடியாக எனாமலை அரிக்கும். ஆக, அந்த லேபிளையும் நம்பி அள்ளிக் கொடுக்காதீர்கள். இப்போது இரண்டு கட்சியும் என்னைத் திட்டலாம்.

‘நீ என்ன டாக்டரா?’ இல்லை. அந்த வீடியோக்காரர் மட்டும் டாக்டரா? அவரிடம் ஏன் யாரும் கேட்கவில்லை? அவர் விற்கிறார், நான் விற்கவில்லை, அவ்வளவுதானே வித்தியாசம். இதில் எனக்கு வலித்தது ஒரே ஒரு கமெண்ட்தான். ‘பிள்ளைக்கு ஒழுங்காகப் பல் விளக்கிவிடத் தெரியாத அம்மா.’ எழுதியதும் ஒரு அம்மா. அப்பாக்களை ஏன் யாரும் கேட்பதில்லை என்று தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது, விடுங்கள்.

அவளுக்கு இப்போது ஏழு வயது. முன்பல் இரண்டு புதிதாக முளைத்து, பெரிதாக, வெள்ளையாக இருக்கின்றன. போட்டோ எடுக்கும்போது மட்டும் இன்னும் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள்.